லோன் ஓடுற வீட்டை வாங்கலாமா? தங்கச்சிமடத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன்

#1 உச்சிப்புளி_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்துல ஒரு வீடு அமையிற மாதிரி இருக்கு. மூணேகால் சென்ட். கீழ ரெண்டு ரூம், மாடியில ஒண்ணு, வாசல்ல பெரிய வேப்பமரம். கடலுக்கு எழுநூறு மீட்டர் இருக்கும். விலை 38 லட்சம்னு வாய்ப்பேச்சு முடிஞ்சிருச்சு. விக்கிறவர் விசைப்படகு வச்சிருந்தவர். படகை வித்துட்டு மகன்கூட திருப்பூர் போறார். நல்ல மனுசன், மோர் குடுக்காம வாசல்ல இருந்து அனுப்ப மாட்டார்.

சிக்கல் என்னன்னா, வீட்டு மேல 2017ல வாங்கின ஹவுசிங் லோன் ஓடிக்கிட்டிருக்கு. பாக்கி 14 லட்சத்துச் சொச்சம். மூலப்பத்திரம் பேங்க்ல. அவர் கையில இருக்கிறது ஜெராக்ஸ்தான். புரோக்கர் சொல்றது: "சார், 15 லட்சத்தை ரொக்கமா அட்வான்ஸ் போட்டுருங்க. அவரு லோனை அடைச்சு பத்திரத்தைத் திருப்பிருவாரு. இருபதே நாள்ல கிரயம்." என் கையில இருக்கிறது 12 லட்சம். மீதிக்கு நானும் லோன்தான் போடணும். அந்த 15ஐப் புரட்ட வீட்டு நகையை அடகு வைக்கச் சொல்றார். எங்க வீட்டம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

லோன் இருக்கிற வீட்டை விக்க சட்டத்துல இடம் இருக்கா? பணத்தை யார்கிட்ட குடுக்கிறது? இன்னொண்ணு, இ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தேன். 2017 எம்.ஓ.டி. (பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்ச பதிவு) போக, 1991ல ஒரு அடமானம் நிக்குது. கேட்டா "அது எங்கப்பா காலத்துது, எப்பவோ அடைச்சாச்சு"ங்கிறார்.

#2 சாயல்குடி_சங்கு

இதுக்கு ஏன்ணே இவ்வளவு யோசனை? ஊருல பாதி வீடு இப்படித்தான் கைமாறுது. ஆளு நல்ல ஆளா, அதை மட்டும் பாருங்க. ரொம்ப கிண்டுனா வீடு வேற ஆளுக்குப் போயிரும். புதுப் பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து தீவுக்குள்ள இடத்துக்கு எப்படி அலையிறாய்ங்கன்னு தெரியும்ல?

#3 தொண்டி_தோணி

சங்கு அண்ணே, மன்னிக்கணும். நான் பார்த்ததும் நல்ல ஆள்தான்.

ஏழு வருஷம் முந்தி, இதே கதை. 6 லட்சம் ரொக்கம், இருபது ரூபா பத்திரத்துல எழுதி ரெண்டு சாட்சிக் கையெழுத்து. பதிவு பண்ணலை. "நாளைக்கே பேங்க்ல கட்டிருவேன் தம்பி"ன்னார். மறு வாரம் அவர் மகளுக்கு நிச்சயம். காசு அங்க போயிருச்சு. ஏமாத்தணும்னு அவர் நினைச்சிருக்க மாட்டார், இன்னைக்கும் அப்படித்தான் நம்புறேன். காசு கையில இருந்துச்சு, செலவும் வந்துச்சு, அவ்வளவுதான். அவர் ஏற்கெனவே நாலு மாசம் தவணை கட்டலைன்னு எனக்குத் தெரியாது. ஒருநாள் அந்த வீட்டுப் பக்கம் போறேன், கதவுல பேங்க் நோட்டீஸ் ஒட்டியிருக்கு. பசை இன்னும் காயலை. வீடு ஏலத்துல போச்சு. நான் பணத்துக்குக் கேஸ் போட்டு, ராம்நாடு கோர்ட்டுக்கு நடந்து, இதுவரைக்கும் ரெண்டே கால் லட்சம் திரும்ப வந்திருக்கு.

வாத்தியார் சார், நகையைத் தொடாதீங்க.

#4 கவுண்டர்_நாலு

முப்பத்தோரு வருஷம் பேங்க்ல இருந்தவ நான். அதுல ஒன்பது வருஷம் லோன் செக்ஷன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க சார்.

விக்கலாம். அடமானம் வச்சதால சொந்தக்காரர் சொந்தக்காரர் இல்லாம போயிடல. கடனைக் கட்டி மீட்டுக்கிற உரிமை அவர்கிட்டதான் இருக்கு, அதைச் சேர்த்துத்தான் விக்கிறார். ஆனா லோன் ஒப்பந்தத்துல "எங்க அனுமதி இல்லாம விக்கக் கூடாது"ன்னு ஒரு ஷரத்து அநேகமா எல்லா பேங்கும் போட்டிருக்கும். அதோட, பேங்குக்குத் தெரியாம கிரயம் வாங்கினா வீடு கடனோடதான் உங்ககிட்ட வரும். அவர் கட்டலைன்னா பேங்க் அவரைத் தேடாது, வீட்டைத் தேடும்.

அதனால முதல்ல விக்கிறவரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கிளைக்குப் போங்க. புரோக்கர் வேண்டாம். ரெண்டு பேப்பர் எழுத்துல கேளுங்க. இன்னைய தேதிக்கு எவ்வளவு கட்டினா கணக்கு முடியும்ங்கிற கணக்கு ஒண்ணு. என்னென்ன பத்திரம் அவங்க கையில இருக்குங்கிற பட்டியல் ஒண்ணு. ரெண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுருவாங்க. பட்டியல்ல "அசல்"னு போட்டிருக்கா, "நகல்"னு போட்டிருக்கா, வரி வரியா பாருங்க.

அங்கேயே தவணை நிலுவை இருக்கான்னும் கேளுங்க. 90 நாளைக்கு மேல நிலுவையில இருந்தா வாராக்கடன் கணக்குல போயிரும். அப்புறம், கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் அடமானச் சொத்தை எடுத்து விக்க வழி குடுக்கிற சர்ஃபாசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸ் போயிட்டா பேங்கோட எழுத்து மூலமான சம்மதம் இல்லாம வீட்டை விக்கவே கூடாது. தொண்டித் தம்பி மாட்டினது இங்கதான்.

பணம் யார் கையில? யார் கையிலயும் இல்ல சார். விக்கிறவரோட லோன் கணக்கு நம்பருக்கு நேரா. செக்ல எழுதும்போது பேருக்குப் பக்கத்துல லோன் கணக்கு நம்பரையும் எழுதுங்க. சேவிங்ஸ் கணக்குல போட்டா அது அவர் காசு, எங்க வேணா போகும். லோன் கணக்குல போட்டா கடன் குறையறதைத் தவிர அந்தக் காசுக்கு வேற வழி கிடையாது.

இன்னொரு யோசனை. நீங்களும் லோன் போடத்தானே போறீங்க? அவருக்குக் கடன் இருக்கிற அதே பேங்க்ல போடுங்க. கால் சதவீதம் வட்டி கூடன்னாலும் யோசிங்க. பத்திரம் அவங்க பெட்டகத்தை விட்டு வெளிய வர வேண்டியதில்ல. உங்க லோன்ல இருந்து அவர் லோனைக் கழிச்சுக்குவாங்க, மிச்சத்தை அவருக்குக் குடுப்பாங்க. வேற பேங்க்னா, "பத்திரம் வந்தா பணம்"னு உங்க பேங்க் சொல்லும், "பணம் வந்தா பத்திரம்"னு அவர் பேங்க் சொல்லும். நடுவுல நீங்க ஆட்டோவுல அலையணும்.

#5 உச்சிப்புளி_வாத்தியார்

மேடம், கையெடுத்துக் கும்பிடுறேன். கடைசியா சொன்னதை யாருமே எனக்குச் சொல்லலை. முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடுவாங்கன்னு அவர் பயப்படுறார், அது உண்மையா?

#6 கவுண்டர்_நாலு

தனி ஆள் எடுத்த, வட்டி மாறுற வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைக்கிற கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012லயே பேங்குகளுக்குச் சொல்லியாச்சு. நிலையான வட்டின்னா ஒப்பந்தத்தைப் பாருங்க.

#7 பழைய_பத்திரக்காரன்

மேடம் பணப் பக்கத்தைச் சொல்லியாச்சு. காகிதப் பக்கத்தை நான் சொல்கிறேன். நாற்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன்.

வாத்தியாரே, இ.சி.யில் 2017க்கு என்ன போட்டிருக்கிறது? "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று இருக்கும். நம் வாயில் அதுதான் எம்.ஓ.டி. மூலப்பத்திரத்தைக் கொடுத்து கடன் வாங்கினேன் என்பதற்கான பதிவு. கடனைக் கட்டியவுடன் அது தானாக அழியாது. பேங்க் தரப்பில் ரசீது ஆவணம் எழுதி, அதே சார்பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். அது பதிவானாலும் பழைய வரி இ.சி.யில் இருக்கத்தான் செய்யும். அதற்குக் கீழே "ரசீது" என்று இன்னொரு வரி ஏறும். அந்த இரண்டாவது வரி ஏறாமல், பேங்க் லெட்டர்ஹெட்டில் கடன் முடிந்தது என்று ஒரு கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். விற்கப் போகும்போதுதான் விழிப்பார்கள்.

உங்கள் 1991 கதையும் அதுதான் என்று என் மூக்கு சொல்கிறது. யாருக்கு அடமானம்? கூட்டுறவு வீட்டுவசதி சங்கமா?

#8 உச்சிப்புளி_வாத்தியார்

ஐயா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க! ஆமா, சங்கம்தான். 42,000 ரூபாய்.

#9 பழைய_பத்திரக்காரன்

அந்தக் காலத்தில் ஓட்டு வீட்டை இடித்து மட்டப்பா போட்டவர்களில் பாதிப் பேர் சங்கக் கடன்தான் வாங்கினார்கள். சரி, யோசியுங்கள். அப்பா பத்திரம் 1991ல் சங்கத்தில் இருந்திருக்கும். 2017ல் அதே பத்திரம் அசலாக பேங்குக்குப் போயிருக்கிறது என்றால், நடுவில் சங்கம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடன் அடையாமல் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆக, அடைத்தது உண்மையாகத்தான் இருக்கும். ரசீதுப் பத்திரம் மட்டும் பதிவாகவில்லை.

அப்படியானால் 2017ல் பேங்க் ஏன் கேட்கவில்லை? அப்போது 13 வருடத்துக்கு மட்டும் இ.சி. போட்டுப் பார்த்திருப்பார்கள். 1991 அதில் வராது. நீங்கள் 30 வருடத்துக்கு மேல் போட்டதால் வந்திருக்கிறது. நல்ல காரியம் செய்தீர்கள்.

அடமானத்தை அமல்படுத்த 12 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று காலவரம்புச் சட்டம் சொல்கிறது. அதை வைத்து "காலாவதி ஆயிடுச்சு சார், விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். வாதத்துக்குச் சரி. ஆனால் உங்களுக்கு லோன் கொடுக்கிற பேங்கின் பேனல் வக்கீல் அந்த வாதத்தை நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார். விற்கிறவரையே சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய லெட்ஜரில் கணக்கு முடிந்த பக்கம் இருக்கும். அவர் செலவில் ரசீது பதிவாகட்டும். வில்லங்கத்தைத் தீர்த்துத் தருவது விற்கிறவர் கடமை.

#10 சாயல்குடி_சங்கு

அசல் பத்திரம் இல்லைன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியவே மாட்டாங்கன்னு ஒரு விதி இருக்கே. அப்புறம் எதுக்குப் பயம்? பத்திரம் வராம கிரயமே ஆகாதுல்ல?

#11 பழைய_பத்திரக்காரன்

55-ஏ விதியைச் சொல்கிறீர்கள். அதன் முக்கியமான பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்றது. அதே மாதம் நம் சட்டமன்றத்தில் வேறு ஒரு திருத்த மசோதா வந்தது. அது அரசுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள வழக்கு, தம்பி. நமக்கு வேண்டியது ஒன்றுதான். பதிவு ஆனதாலேயே உரிமை வந்துவிடாது, பதிவுக்கு முன்பே நாம் பார்த்திருக்க வேண்டும். அதோடு, வாத்தியார் பயம் கிரயத்தைப் பற்றி இல்லை. கிரயத்துக்கு முன்னால் கைமாறுகிற 15 லட்சத்தைப் பற்றி.

#12 தொண்டி_தோணி

ஐயா சொன்னதோட ஒண்ணு. இ.சி. சுத்தமா இருந்தாலும் ஏமாறாதீங்க. பத்திரத்தைப் பதிவில்லாம யார்கிட்டயாவது குடுத்து கடன் வாங்கியிருந்தா இ.சி.யில வராது. அசலைக் கண்ணால பார்க்கணும். "பீரோ சாவி தங்கச்சிகிட்ட இருக்கு"ன்னு சொன்னா எழுந்து வந்துருங்க. பேங்க் கடனுக்கு செர்சாய்ங்கிற, அடமானங்களுக்கான மத்தியப் பதிவேட்டிலயும் தேடலாம், யார் வேணா ஆன்லைன்ல பார்க்கலாம், சின்னக் கட்டணம்தான்.

#13 கீழக்கரை_மச்சான்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். வாத்தியார் இழையில நுழையறேன், கோவிச்சுக்காதீங்க. நான் துபாய்ல இருக்கேன். கீழக்கரையில என் பேர்ல ஒரு வீடு, மேல லோன் 9 லட்சம். விக்கணும். லீவு கிடையாது. என் மச்சினன் பேருக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினா போதுமா? ஊருல ஒரு காக்கா (அண்ணன்), "பவரையே கிரயமா எழுதிக் குடுத்துரு, செலவு மிச்சம்"ங்கிறார்.

#14 பழைய_பத்திரக்காரன்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. அந்தக் காக்கா பேச்சைக் கேட்காதீர்கள். பவர் கொடுத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் வேறு, கிரயம் வேறு.

மச்சினனுக்கு பவர் எழுதலாம். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், நாள் தவறக் கூடாது. கிரயத்தன்று நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். செத்தவர் பவரில் கிரயம் நடந்த ஊர் இது.

பவரில் "விற்க" என்று மட்டும் எழுதினால் பாதிக் கிணறுதான். "இன்ன வங்கியில் இன்ன எண்ணுள்ள கடனை அடைக்கவும், மூலப்பத்திரங்களைப் பெற்றுக்கொள்ளவும், ரசீது ஆவணத்தில் கையெழுத்திடவும்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பேங்க் உங்கள் மச்சினன் கையில் பத்திரத்தைத் தராது.

#15 கவுண்டர்_நாலு

தம்பி, வரியையும் பார்த்துக்கோங்க. ஊருல இருக்கிறவர் விக்கும்போது விலை 50 லட்சம் தொட்டாத்தான் வாங்கிறவர் 1 சதவீதம் பிடிக்கணும். நீங்க வெளிநாட்டுவாசி, உங்களுக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. எவ்வளவு சின்ன விலையா இருந்தாலும் வாங்கிறவர் பிடிச்சுக் கட்டியாகணும், அதுவும் 1 சதவீதம் இல்ல, இன்னும் அதிகம். லாபத்துக்கு மட்டும் பிடிக்கச் சொல்லி முன்கூட்டியே வருமானவரித் துறையில சான்று வாங்கலாம். ஆடிட்டரைப் பாருங்க. வாங்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது, பின்னாடி நோட்டீஸ் அவருக்குத்தான் வரும்.

#16 கீழக்கரை_மச்சான்

ஜஸாக்கல்லாஹ் லாத்தா. எங்க ஊருல வீடு பொண்ணுக்குத்தான் போகும், ஆம்பளைக்கு வீடு இருக்கிறதே அதிசயம். அதை விக்கவும் இவ்வளவு பாடு.

#17 மண்டபம்_மகள்

எனக்கும் ஒரு சந்தேகம். அப்பா லோன் ஓடும்போதே போயிட்டாங்க. அம்மா, நான், தம்பி. தம்பிக்கு 16 வயசு. வீட்டை வித்து லோனை அடைக்கலாம்னு அம்மா சொல்றாங்க. வாங்கிறவர் ரெடியா இருக்கார்.

#18 கவுண்டர்_நாலு

விக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாரும்மா. லோன் குடுக்கும்போதே இன்சூரன்ஸ் பிரீமியம் பிடிச்சிருப்பாங்க, நிறையப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அப்பா லோன் ஃபைல்ல முதல் மாசக் கணக்கை எடுத்துப் பாரு. பாலிசி இருந்தா கடன் அதுலயே கழியலாம். வீட்டை விக்கவே தேவையில்லாம போகலாம். நாளைக்கே போ.

#19 பழைய_பத்திரக்காரன்

தம்பிக்கு 16 வயது என்பதுதான் பெரிய முடிச்சு. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, இந்துக் குடும்பம் என்றால், அவன் பங்கை அம்மா விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், அவன் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். விவரம் தெரிந்து வாங்குகிறவர் இதைக் கேட்பார். கேட்காதவரிடம் நீயே சொல்லிவிடு தாயி.

#20 வாலிநோக்கம்_உப்பு

பேங்க் லோனே பேசுறீங்க. எங்க பக்கம் ஒத்திதான் பெரிய தலைவலி. நான் பார்த்த வீட்டுல ஒருத்தர் 3 லட்சத்துக்கு ஒத்திக்கு இருக்கார். இ.சி.யில எதுவுமே இல்ல. ஓனர் "அவரு சும்மா வாடகைக்கு இருக்காரு"ங்கிறார்.

#21 பழைய_பத்திரக்காரன்

ஒத்தி என்பதும் அடமானம்தான். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டில் குடியிருக்கிறார். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நம் ஊரில் எவர் செய்கிறார்? பத்திரத்தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள், இ.சி.யில் வராது.

அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ அது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நேரே போய் அவரிடமே கேளுங்கள், "அண்ணே, எவ்வளவுக்கு இருக்கீங்க, எழுத்து ஏதும் இருக்கா?" என்று. ஓனர் சொன்னதையும் அவர் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒத்திப் பணத்தை உங்கள் செக்கில் நேராக அவருக்குக் கொடுத்து, வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தேன் என்று எழுதி வாங்கிவிட்டு, அதற்கப்புறம் கிரயம்.

ஒத்தி வைத்து எத்தனை வருடம் ஆனாலும் பணத்தைக் கட்டி மீட்கலாம், முப்பது வருடம் ஆனதாலேயே ஒத்திக்காரர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். இதையும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிராமத்தில் இன்னும் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

#22 உச்சிப்புளி_வாத்தியார்

மூணு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

மேடம் சொன்னபடி அவரையும் கூட்டிக்கிட்டு கிளைக்குப் போனேன். தவணை ஒண்ணுகூட நிலுவை இல்ல. பத்திரப் பட்டியல் வாங்கினோம். 2010ல அவங்கப்பா எழுதிக் குடுத்த தான செட்டில்மெண்ட் அசல், அப்பாவோட 1983 கிரயப் பத்திரம் அசல், பட்டா நகல். மேனேஜர் நல்ல பிள்ளை, பெட்டகத்துல இருந்து எடுத்தே காட்டினார். 1983 பத்திரத்துல குத்தின பின்னு கடல்காத்துல துருப்பிடிச்சு, ஆறு தாளுலயும் ஒரே இடத்துல பழுப்பா வட்டம். அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ நம்பிக்கை வந்துருச்சு, ஏன்னு கேக்காதீங்க.

அதே பேங்க்லயே லோன் போட்டிருக்கேன். 15 லட்சம் ரொக்கம் கிடையாதுன்னு புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன். முகம் சுருங்கிப் போச்சு. 1 லட்சம் மட்டும் கணக்குக்குக் கணக்கு அனுப்பி, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணியாச்சு. சங்கக் கடன் ரசீது அவர் செலவுல பதிவாகணும், ஆகலைன்னா முன்பணம் திரும்ப வரணும்னு எழுதியிருக்கு.

பேங்க் வேல்யூவர் வந்தார். மாடி சீலிங்ல ஒரு இடத்துல சுத்தியலால தட்டினார். சிமெண்ட் பொத்துன்னு விழுந்துச்சு, உள்ள கம்பி கருவேப்பிலைக் குச்சி மாதிரி மெலிஞ்சு கிடக்கு. உப்புக்காத்து. மதிப்பு 34 லட்சம்தான் போட்டார். அதைக் காட்டி விலையை 36.5க்கு இறக்கினேன்.

#23 கவுண்டர்_நாலு

ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணினது ரொம்ப நல்லது. 2012 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். ரொக்கம் குடுக்காததும் நல்லது. வீடு, மனைக்கு 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா முன்பணம் வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரும். அவரையும் காப்பாத்தியிருக்கீங்க.

கடல் தூரம் பத்தி வக்கீல் ஏதும் கேட்டாரா?

#24 உச்சிப்புளி_வாத்தியார்

கேட்டார் மேடம். உயர் அலைக்கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள வந்தா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கட்டட அனுமதியைத் தோண்டணும்னார். நம்ம வீடு தள்ளி இருக்கிறதால பஞ்சாயத்து அனுமதியை மட்டும் வாங்கிக்கிட்டார்.

#25 உச்சிப்புளி_வாத்தியார்

கடைசித் தகவல். இழை ஆரம்பிச்சு பதினோரு வாரம்.

சங்க வேலைதான் இழுத்துருச்சு. செயலாளர் மூணு சங்கத்துக்குக் கூடுதல் பொறுப்பு, வாரத்துல ஒருநாள்தான் வருவார். நாலு வாரம் "லெட்ஜர் கிடைக்கலை". அஞ்சாவது வாரம் விக்கிறவரே உள்ள போய் அட்டத்துல ஏறி, தூசியில தும்மிக்கிட்டே எடுத்துட்டார். கடைசித் தவணை 2003ல கட்டியிருக்கு, அவங்கப்பா கையெழுத்தோட. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னார், நானும் ஒண்ணும் பேசலை. மறுவாரம் ரசீது பதிவு.

கிரயத்தன்னைக்கு கணக்கு இப்படி: முன்பணம் 1 லட்சம் போக, என் கணக்குல இருந்து 7.5 லட்சம். பேங்க் லோன் 28 லட்சம். அதுல 14,18,000 அவர் லோன் கணக்குக்கு நேரா, மிச்சம் 13,82,000 அவர் பேருக்கு செக். பத்திரத்துல முழு விலையும் எழுதினோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,28,500. குறைச்சு எழுதலாம்னு புரோக்கர் கடைசி வரைக்கும் காதுக்குள்ள ஓதிக்கிட்டே இருந்தார்.

எம்.ஓ.டி. ரசீதையும் பேங்க் அதிகாரி அன்னைக்கே வந்து பதிஞ்சு குடுத்துட்டார். நேத்து இ.சி. எடுத்தேன். 1991 அடமானம், கீழ ரசீது. 2017 ஒப்படைப்பு, கீழ ரசீது. அப்புறம் கிரயம், என் பேர். அதுக்கும் கீழ என் பேருக்குப் புது ஒப்படைப்பு. வீட்டம்மாகிட்ட காட்டினேன். "இப்ப நம்ம பத்திரமும் பேங்க்லதானா?"ன்னு கேட்டாங்க.

#26 கவுண்டர்_நாலு

வாழ்த்துகள் சார். இருபது வருஷம் கழிச்சு நீங்க அடைக்கும்போது ஞாபகம் வச்சுக்கோங்க. கடன் முடிஞ்ச 30 நாளுக்குள்ள அசல் பத்திரம் கைக்கு வரணும். பேங்க் தாமதம் பண்ணினா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு, 2023 டிசம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு. பத்திரம் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா நகல் எடுக்கிற செலவும் அவங்களோடது.

#27 தொண்டி_தோணி

நகை தப்பிச்சுச்சா சார்?

#28 உச்சிப்புளி_வாத்தியார்

தப்பிச்சுச்சு தம்பி. மாடி சீலிங்குக்குத்தான் இப்ப கொத்தனார் கேக்கிற தொகையைப் பார்த்தா மறுபடி பயமா இருக்கு.

#29 பழைய_பத்திரக்காரன்

நல்லது வாத்தியாரே. பட்டா மாறியதா என்று பாருங்கள். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனால் அது பழைய பெயரில் கிடந்தால் அடுத்த வம்புக்கு விதை. வீட்டு வரி, கரண்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்றியாச்சா?

#30 உச்சிப்புளி_வாத்தியார்

வீட்டு வரி ஆச்சுங்கய்யா. இப்ப ஈ.பி. ஆபீஸ்லதான் நிக்கிறேன். டோக்கன் 41. ஓடுறது 17.